மகளின் மூச்சுக்கு உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

நம் பத்திரிகைகளில் 'நன்றி நவிலல்' என்று வந்தால் அது பெரும்பாலும் முப்பத்தோராம் நாளோடு சேர்ந்துதான் வரும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மகள் நல்ல சுகம். நேற்றும் தம்பியோடு அடிபட்டாள்.

2015இல் அவள் 27 வாரத்தில், 940 கிராம் எடையோடு பிறந்தாள். வைத்தியசாலையிலிருந்து உயிரோடு வீட்டுக்கு வந்ததும் சொல்லவேண்டிய நன்றிகளை அப்போதே சொல்லிவிட்டோம். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மயூராபதி அம்மனுக்குப் பொங்கல் என்று மாமியார் எந்தப் பக்கமும் நேர்த்திக்கடன் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் பிள்ளை வீடு வந்த பிறகும் வருடக்கணக்காக அவளுடைய நுரையீரலைக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் முறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இருந்தாலும் பிறந்த இரவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மனைவிக்கு வலி கண்டபோது கடமையிலிருந்த இளம் வைத்தியர், எங்களுக்கு விளக்கம் சொல்லி நேரம் போக்காமல் முதலில் ஸ்டீரொயிட் ஊசியைப் போட்டார். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரலை அவசரமாகப் பக்குவப்படுத்துவதற்கான ஊசி அது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் 1972இல் அதன் பலனை வெளியிட்டார்கள். லிகின்ஸ் அதற்கு முன்னர் செம்மறியாடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஸ்டீரொயிட் பெற்று, பிழைக்க வழியே இல்லாத அளவுக்கு முந்திப் பிறந்த குட்டியொன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்தாராம். அந்தக் குட்டிக்கும் என் நன்றி.

பிறந்த உடனே குழாய் வழியாக மகளின் நுரையீரலுக்குள் விட்ட பால் போன்ற மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபக்டன்ட் என்ற பொருள். 27 வாரப் பிள்ளையிடம் அது போதிய அளவு இராது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பது இந்தக் குறையால்தான் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து இரண்டு நாளில் இறந்ததும் இதே நோயால்தான். அப்போது அதற்கு மருந்து கிடையாது. 1980இல்தான் ஜப்பானின் ஃபுஜிவாரா பத்துக் குழந்தைகளுக்கு அந்தப் பொருளைக் கொடுத்துப் பலன் கண்டார். ஒரு வல்லரசின் தலைவருக்குக் கிடைக்காத மருந்து, கெய்சர் வீதிக் கடையொன்றில் கணக்கெழுதுகிறவனின் பிள்ளைக்குக் கொழும்பு அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் வாங்காமல் கிடைத்தது. நம் நாட்டைப் பற்றிக் குறைசொல்லத் தொடங்கினால் நானும் லேசில் நிறுத்தமாட்டேன். ஆனால் இதை மறைத்துவிட்டுக் குறைசொல்ல முடியாது.

குழந்தைப் பிரிவுத் தாதியர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு. ஒருவருக்கு மட்டும் தனியாக: பால் கிண்ணத்து லேபிளில் மனைவியின் பெயரைத் தமிழில் எழுதப் பழகிக்கொண்ட அந்தச் சிங்களச் சகோதரிக்கு. 'ழ' கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. சுழித்துச் சுழித்து ஒரு நத்தை போல வைப்பார். கிண்ணம் ஒருநாளும் மாறியதில்லை.

வயிற்றிலிருந்த நாளையும் சேர்த்து 36 வாரக் கணக்கு வந்த பிறகும் மகளுக்கு ஒட்சிசன் தேவைப்பட்டது. நாட்பட்ட நுரையீரல் நோய் என்று அட்டையில் எழுதினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் படியேறி வந்தவர் எங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் அம்மா. பிள்ளையைத் தூக்குமுன் மூக்கால் வீட்டைச் சோதித்தார். நுளம்புச் சுருள் அன்றே போயிற்று, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போயிற்று. சாமிக்குக் கோபம் வராதா என்று மாமியார் கேட்டபோது, பிள்ளைக்கு இருமல் வந்தால் உங்களுக்குத்தான் கோபம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டு ஐயா அவரிடம் ஒரு சொல்லும் வாங்காமலே சிகரெட்டைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். அது எங்களுக்குத் தெரியாது என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

2022ஐ எப்படிக் கடந்தோம் என்று இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. பெற்றோல் வரிசை நாள்கணக்கில் நீண்ட அந்த மாதங்களில், தெருமுனை முச்சக்கரவண்டிக்காரர் தாங்கியில் கொஞ்சம் பெற்றோலை எங்களுக்கென்று விட்டுவைத்திருந்தார். இரவில் மகளுக்கு இழுத்தால் ஓடவேண்டுமே என்று. அதைக் கொண்டு அவர் உழைத்திருக்கலாம். இன்ஹேலர் மருந்துக் கடைகளில் தட்டுப்பாடானபோது சென்னைக்குப் போய்வந்த முதலாளி தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். மின்வெட்டு நேரத்தில் நெபியுலைசருக்கு என்ன செய்வது என்று நாங்கள் தவித்தபோது, கிளினிக் தாதி ஸ்பேசர் குழாயை எடுத்துக் காட்டி, இதனூடாக இன்ஹேலரை முறையாகக் கொடுத்தால் வீட்டில் வரும் இழுப்புக்கு நெபியுலைசர் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை என்று புரியவைத்தார். அந்த வருட டிசம்பரில் காற்று மாசடைந்து பாடசாலைகளையே மூடியபோது, மகளின் வகுப்பாசிரியை தொலைபேசியில் எடுத்து, கதவு யன்னலைச் சாத்தி வையுங்கள் என்றார். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை.

இனி, இந்த மடலை எழுதவைத்த ஆளுக்கு வருகிறேன். மகளுக்கு ஏழு வயதானபோது மூச்சுப் பரிசோதனைக் கூடத்தில் அவளை ஊதவைத்த அக்கா.

அது சும்மா ஊதுவதல்ல. மூக்கைக் கவ்வியால் பூட்டி, அட்டைக் குழாயைப் பற்களுக்கிடையில் வைத்து உதட்டால் இறுக்கி, நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்செடுத்து, ஒரே வீச்சில் வெடித்தாற்போல ஊதி, அதன் பிறகும் கடைசிக் காற்று தீரும்வரை விடாமல் ஊதவேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் அவர்கள் பார்க்கும் முக்கியமான அளவு. குறைந்தது மூன்று ஊதல் சரியாக அமையவேண்டும், சிறந்த இரண்டும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்துவரவேண்டும். மகள் கன்னத்தை உப்பவைத்து, பிறந்தநாள் கேக் முன்னால் நிற்பதுபோல 'பூ' என்றாள். ஊத ஊத அணைவதுபோல் பிள்ளைகளுக்காகக் கணினித் திரையில் காட்டும் மெழுகுதிரிகளில் ஒன்றுகூட அணையவில்லை. இரண்டாவது ஊதலில் சிரித்தாள், மூன்றாவதில் இருமினாள், நான்காவதில் அழுதாள். வெளியே வரிசை நின்றது. நானாக இருந்தால் கிடைத்ததைக் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்திருப்பேன். அக்கா வெறும் குழாயொன்றைத் தானும் வாயில் வைத்து, மகளின் முகத்துக்கு நேரே முழங்காலில் இருந்து, அவளோடு சேர்ந்து ஊதினார். முகம் செம்பரத்தையாகச் சிவந்துவிட்டது. 'இன்னும், இன்னும், இன்னும்' என்று கையால் காற்றை இழுத்துக் காட்டினார். கடைசியில் மெழுகுதிரிகள் எல்லாம் அணைந்தன.

அன்றைய அளவு, அவளுடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்ப்பதில் 74 சதவீதம். ஓடியாடும் பிள்ளை. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு முன் வேறோர் இடத்தில் வெறும் தொய்வு (ஆஸ்துமா), வளர வளரச் சரியாகும் என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். நெஞ்சு நோய் வைத்தியர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். தொய்வில் பெரும்பாலும் ஒவ்வாமையால் குழாய் வீங்கிச் சுருங்குகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கோ குழாயே ஒடுங்கியதாகவும் காற்றறைகள் குறைவாகவும் இருக்கலாம், ஏனென்றால் அறைகள் பெரும்பாலும் 36 வாரத்துக்குப் பிறகும் பிறந்த பின்னருமே உருவாகின்றன. நுரையீரலின் பலம் இருபதுகளில் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்குகிறது. உச்சமே தாழ்வாக இருந்தால் இறக்கம் சீக்கிரம் சுடும். அளந்தால்தான் அது தெரியும்.

அவர் சொன்ன இரண்டு ஆய்வுகளை நான் வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். 2017இல் வெளியான ஒன்று அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளை, 1991-92, 1997, 2005 என மூன்று காலக்கட்டங்களில் பிறந்தவர்களை, எட்டு வயதில் ஊதவைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூக்கு வழியாக மென்மையாகக் காற்றுக் கொடுக்கும் முறை பரவிய 2005இன் பிள்ளைகள் மேலாக இருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்களின் காற்றோட்டம் முன்னவர்களைவிட மோசமாக இருந்தது. அப்படி ஒரு முடிவை ஒளிக்காமல் எழுதியவர்களுக்கு ஒரு வணக்கம். மற்றது வேல்ஸின் கார்டிஃப் நகரில், 2022இல் வெளியானது. நுரையீரல் பலம் குறைந்த 53 பிள்ளைகள் 12 வாரம் இன்ஹேலர் எடுத்தார்கள். ஸ்டீரொயிட்டோடு குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்ததை எடுத்தவர்களுக்கு அளவு தெளிவாகக் கூடியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் இன்ஹேலர்தான். தன் பிள்ளைக்கு எது கிடைக்கிறது என்று தெரியாமலே சம்மதித்த அந்தப் பெற்றோரை நான் காணப்போவதில்லை. நானாக இருந்தால் கையெழுத்து வைத்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை.

மகளுக்கு அந்தக் கூட்டு இன்ஹேலரை வைத்தியர் ஆரம்பித்துப் பார்த்தார். ஒவ்வொரு கிளினிக்கிலும் "27 வாரம்" என்று முதலில் சொல்லுங்கள் என்றும் பழக்கினார். இப்போது அவளே சொல்கிறாள், கொஞ்சம் பெருமையோடு.

பெயர் போடவேண்டாம் என்று கேட்டவர்கள் சிலர் இருந்ததால் எவருடைய பெயரும் போடவில்லை. விடுபட்டவர்கள் கோபிக்கவேண்டாம். ஊதவைத்த அக்காவை நேரில் கண்டு சொல்ல இம்முறை மகள் ஆசையாகப் போனாள். அவர் இடமாற்றம் பெற்று வெளிமாவட்டம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவரை அறிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்: மூன்று ஊதலும் எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்தன, அளவு 83.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தகப்பன்