பூத முயல்களும் ஒரு பழைய வழக்கும்

அன்புள்ள ராமநாதனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்தபோது கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தேன். மருமகள்தான் படித்துக் காட்டினாள். தொலைக்காட்சி பார்க்கலாம் என்று மருத்துவர் அனுமதித்ததும், நீ எழுதியிருந்த அந்தப் பழைய அமெரிக்கப் பூதவிலங்குப் படங்களைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். நீயும் பேரனும் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். ஆனால், காசில்லாதவன் எடுத்த படம் என்பதால்தான் சிரிப்பு வருகிறது என்று நீ சொல்லும் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

முயல் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1972இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லெபஸ்' ஒன்றும் அநாதைப் படமன்று. வெளியிட்டது எம்.ஜி.எம். நிறுவனம், கதாநாயகி, ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் நடித்த ஜேனட் லீ. அரிசோனாப் பண்ணை ஒன்றில் பெருகிவிட்ட முயல்களின் இனப்பெருக்கத்தைக் குலைப்பதற்காக ஆராய்ச்சியாளர்கள் ஒரு முயலுக்கு ஊசி போட, அது அவர்களுடைய சிறுமகளின் கையில் செல்லப்பிராணியாகச் சேர்ந்து, தப்பியோடி, சில நாள்களில் ஓநாய் அளவு முயல்கள் குதிரைகளையும் மனிதர்களையும் கடித்துக் குதறத் தொடங்குகின்றன. இதைப் படமாக்க அவர்கள் வீட்டு முயல்களைப் பொம்மை வீடுகளுக்கும் பொம்மைச் சாலைகளுக்கும் நடுவே ஓடவிட்டு, ஓட்டத்தை மெதுவாக்கிக் காட்டினார்கள்; முயல் மனிதன்மேல் பாயும் இடங்களில் முயல் உடை அணிந்த ஆள் பாய்ந்தார். விளம்பரச் சுவரொட்டிகளில் முயலையே காட்டாமல் மறைத்தார்கள் என்பதிலிருந்து, சங்கதி அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். முயலின் வாயில் சிவப்புச் சாயத்தைப் பூசலாம். ஆனால் அந்தக் கண்ணில் கோபத்தை எந்தக் காசு கொடுத்து வரவழைப்பது?

ஆனால் இதே படத்தின் முதல் சில நிமிடங்களைத் திரும்பப் போட்டுப் பார். செய்தி வாசிப்பவர் ஒருவர் முயல் தொல்லையைப் பற்றிப் பேச, ஆஸ்திரேலியாவில் எடுத்த உண்மையான படச்சுருள்கள் ஓடுகின்றன. சாதாரண அளவு முயல்கள்தாம். ஆனால் நிலமே நகர்வதுபோல் அவ்வளவு முயல்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்துக்கு மூலமான ரஸ்ஸல் பிராடனின் நாவல் ஆஸ்திரேலியாவில் நடப்பது. அங்கே முயல் என்பது பண்ணைக்காரனின் உண்மையான எதிரி. தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார் 1859இல் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விக்டோரியாவில் விட்ட இரண்டு டஜன் முயல்களிலிருந்து தொடங்கிய பெருக்கம், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907 வரை வேலி போட்டும் அடங்காமல், 1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பிக் கொல்லும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. மேய்ச்சல் நிலத்தைக் கட்டாந்தரையாக்க அந்த முயல்கள் ஓர் அங்குலம்கூடக் கூடுதலாக வளர வேண்டியிருக்கவில்லை. அச்சம் எண்ணிக்கையிலும் பசியிலும் இருந்தது. படமெடுத்தவர்கள் அதை விட்டுவிட்டு உருவத்தைப் பெருக்கினார்கள்.

உருவத்தைப் பெருக்குவது எவ்வளவு பொருந்தாத காரியம் என்பதை ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இலேயே ஒரு கட்டுரையில் விளக்கிவிட்டார் (பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் காலமானாரே, அதே விஞ்ஞானிதான்). ஓர் உயிரை எல்லாப் பக்கமும் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்காகும். தாங்க வேண்டிய எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். அப்படிப் பத்து மடங்கான பூத முயல் முதல் தாவலிலேயே கால் முறிந்து விழ வேண்டியது. கண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடுகிறது. பெர்ட் ஐ. கோர்டன் 1957இல் எடுத்த வெட்டுக்கிளிப் படத்தில், சிகாகோ நகரக் கட்டடங்களின் புகைப்படத்தின்மேல் உயிருள்ள வெட்டுக்கிளிகளை ஊரவிட்டதைப் பார்த்திருப்பாய். அதில் ஒன்று கட்டடத்தைத் தாண்டி ஆகாயத்தின்மேலும் நிதானமாகக் கால் வைத்து நடக்கிறது. அந்தக் காட்சிக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். நீ எழுதிய எல்லாவற்றிலும் மிக ஏழைப் படம் 1959இன் 'தி கில்லர் ஷ்ரூஸ்'. டல்லாஸில் வானொலி நிலையமும், காரில் இருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் திரையரங்குகளும் வைத்திருந்த கார்டன் மெக்லெண்டன் பணம் போட, ரே கெல்லாக் இயக்கியது. நம் பிள்ளையாரைச் சுமக்கும் மூஞ்சூறுதான் இங்கே அரக்கன்! அரக்கனாக நடித்தவை நாய்கள். மேலே மயிர்ப்போர்வையும் பொய்ப்பல்லும். ஓடிவரும்போது வால் ஆட்டிவிடுமோ என்று நமக்கே கவலையாக இருக்கிறது. இருந்தும் இந்தப் படத்தின் நடுப்பகுதி என்னை இருட்டில் நிமிர்ந்து உட்கார வைத்தது. மனிதனைப் பாதி உயரமாக்கிவிட்டால் உலக உணவுப் பஞ்சம் தீரும் என்று நம்பும் விஞ்ஞானி, அந்த ஆராய்ச்சியின் விளைவாகப் பெருத்துத் தப்பிய இருநூறு முந்நூறு மூஞ்சூறுகள், தீவில் தின்ன வேறெதுவும் மிச்சமில்லை, வெளியே புயல், ஈரத்தில் ஊறி இளகும் மண்சுவர். மூஞ்சூறு உண்மையிலேயே ஓயாமல் தின்றாக வேண்டிய பிராணி. அவற்றில் சில இனங்களின் கடியில் நஞ்சும் உண்டு. ஆக, கதையின் வேர் இயற்கையில் இருக்கிறது. அந்தப் பிராணியைக் காட்டும்போது படம் கெடுகிறது. சுவருக்கு அப்பால் பிறாண்டும் ஓசையோடு நிறுத்திக்கொள்ளும்போது எழுந்து நிற்கிறது. குறையும் உண்டு: கறுப்பின மாலுமியை முதல் பலியாகக் கொடுக்கும் கெட்ட வழக்கத்தை இவர்களும் விடவில்லை.

கடைசியில் தப்புவதற்கு அவர்கள் இரும்புப் பீப்பாய்களைக் கவிழ்த்துச் சேர்த்துக் கட்டி, உள்ளே குந்தியபடியே கடற்கரை நோக்கி நகர்கிறார்களே, அது அபத்தந்தான். ஆனால் அந்த நிலையில் நானும் நீயும் வேறென்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். பேரனையும் அழைத்து வா. மூஞ்சூறுப் படத்தை இரவில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவனோடு உட்கார்ந்து பார்ப்போம். மண்சுவர் இளகும் கட்டத்திலும் அவன் சிரித்தால் வழக்கில் நீ வென்றதாக ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்,
சோமு