ஆப் வேண்டாம், தரவைத் தாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பஸ் ஓட்டத்துக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டேன். பஸ் பண்ணையைத் தாண்டும்போதே பிந்திவிட்டது. இறங்குதுறைக்கு ஓடிப்போய்ச் சேர, படகின் பின்பக்கம்தான் தெரிந்தது. கொண்டக்டரிடம் கேட்டால், “வழமையா இப்பிடித்தான் தம்பி” என்றார். அந்த வழமை பத்து நிமிடமா, நாற்பது நிமிடமா? எவரிடமும் கணக்கில்லை.

கணக்கு வைக்க வழி இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவத்தில் தரிப்பிடம், வழித்தடம், நேரம் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். 2011இல் அதற்கு நிகழ்நேரப் பகுதியும் வந்தது: வண்டி இப்போது எங்கே, எவ்வளவு பிந்துகிறது, என்ன அறிவித்தல்.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிப் போக்குவரத்து நிறுவனம் தன் வண்டிகளின் இந்தத் தரவை எவரும் எடுக்கும்படி இணையத்தில் விட்டிருக்கிறது. வீட்டில் இருந்தபடியே பைதன் என்ற நிரல்மொழியில் வாசித்துப் பார்த்தேன். கோப்பை நேரே திறந்தால் வெறும் கிறுக்கல். புரோட்டோகால் பஃபர் என்ற சுருக்கிய வடிவம் அது. அதை வாசிக்கும் பைதன் நூலகத்தை, அதாவது ஆயத்தமான நிரல் தொகுப்பை, போட்டதும் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒவ்வொரு வண்டியின் அகலாங்கும் நெட்டாங்கும் வந்து விழுந்தன. அரை நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்து, பாண்டாஸ் என்ற பைதன் அட்டவணைக் கருவியில் பஸ் நேர அட்டவணையோடு ஒப்பிட்டால், எந்த இரண்டு தரிப்பிடத்துக்கு நடுவில் நேரம் போகிறது என்று பிடித்துவிடலாம்.

ஒரு வேடிக்கை: இரவு 9 மணிக்குப் புறப்படும் கொழும்பு பஸ் காலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்தால், அதை இந்த வடிவத்தில் 29:00:00 என்றுதான் எழுதவேண்டும். பிழை என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது, பயணம் தொடங்கிய நாளின் கணக்கே தொடர்கிறது.

அழகான ஆப் ஒன்று செய்து திறப்புவிழா வைக்காதீர்கள். மூலத் தரவைத் திறந்துவிடுங்கள். ஆப்பை எங்கள் பிள்ளைகள் செய்வார்கள். சாரதியின் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை, வண்டிக்கு ஓர் அடையாள எண் போதும். அதனால் சாரதிமார் பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் 750ஆம் இலக்க பஸ் வழித்தடத்தை மட்டும் எடுங்கள். தரிப்பிடங்களைக் குறிப்பதுதான் பெரிய வேலை. கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என்று சந்திகளுக்குப் பெயருண்டு, இடையில் சனம் “ஆலடி”, “கோயிலடி” என்றுதான் சொல்லி இறங்கும். அந்தப் பெயர்களையே தமிழில் பதிவோம். சனி, ஞாயிறில் மாணவர்களோடு நான் வருகிறேன். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் என் செலவு.

இப்படிக்கு,
கணினி படிப்பிக்கும் ஒருவன்