லீவு வேற, ரெஸ்ட் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைலட்டா இருக்கிற பொண்ணுங்களோட குடும்ப வாழ்க்கை பத்தி போன இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசி வரைக்கும் "புரிஞ்சுக்கிற புருஷன் அமைஞ்சா போதும்"ங்கிற பாட்டுத்தான். என் மருமக ஏர்லைன்ஸ்ல பைலட். என் பையன் புரிஞ்சுக்கிறவன்தான், பெத்தவ சொல்றேன்னு நினைக்காதீங்க, நெசமாவே. ஆனா அவன் புரிஞ்சுக்கிட்டா அவளுக்குத் தூக்கம் வந்துடுமா சார்?

நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. நைட் டூட்டி முடிச்சு வந்து பகல்ல படுத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், கண்ணு மூடியிருக்கும், காது மட்டும் முழிச்சிருக்கும். எங்க வீடு நங்கநல்லூர்ல, தலைக்கு மேலேயே விமானம் எறங்கும், அந்தச் சத்தத்துக்கெல்லாம் என் மருமக முழிக்க மாட்டா, வாசல்ல எவனாவது காலிங் பெல் அடிச்சா எந்திரிச்சிடுவா.

மாசம் முடியறதுக்குள்ள அடுத்த மாச ரோஸ்டர், அதான் என்னிக்கு எந்த டூட்டின்னு போட்ட பட்டியல் வரும், அதை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுவோம். எங்க வீட்ல பஞ்சாங்கம் அதுக்கப்புறந்தான். எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்துக்கு ஜோசியர் குறிச்சுக் குடுத்த தேதி அன்னிக்கு இவளுக்கு ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பைன்னா வீட்லதானே இருக்கா, ஒரு எட்டு மண்டபத்துக்கு வந்துட்டுப் போகக்கூடாதான்னு கேக்கிறாங்க. போன் வந்தா கிளம்பியாகணும், பட்டுப்பொடவையோட காக்பிட்ல போய் உக்கார முடியுமா? அதுவும் வரும்னு நம்பி இருக்கிற ரோஸ்டர் அப்படியே நடக்கும்னும் சொல்ல முடியாது, பாதில மாத்துவாங்க. பேரனுக்கு மூணு வயசு, அ ஆ இன்னும் ஒழுங்கா வரல, சென்னை ஏர்போர்ட்டுக்குக் கோடு எம்ஏஏன்னு கரெக்டா சொல்றான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2025 டிசம்பர் மொத வாரத்துல ஃப்ளைட்டெல்லாம் ஆயிரக்கணக்குல கேன்சலாகி ஜனங்க ஏர்போர்ட்ல பெட்டி மேலேயே படுத்துக் கெடந்தாங்களே, அப்ப டிவில பேசினவங்க பாதிப் பேரு பைலட்டுக்கு ரெஸ்ட் அதிகமா குடுத்ததாலதான் இவ்வளவும்னு சொன்னாங்க. அந்த ரூல் திடீர்னு வந்ததில்ல, விமானத் துறைய கண்காணிக்கிற டிஜிசிஏ 2024 ஜனவரிலயே போட்டது, ரெண்டு கட்டமா 2025 ஜூலைலயும் நவம்பர்லயும் நடைமுறைக்கு வந்துச்சு. வாரத்துக்கு 36 மணி நேரமா இருந்த ரெஸ்ட் 48 ஆச்சு, ராத்திரின்னா 12லருந்து 5 வரைன்னு இருந்ததை 6 வரைக்கும்னு மாத்தினாங்க, ராத்திரில 6 லேண்டிங் வரைக்கும் பண்ணலாம்னு இருந்தது 2 ஆச்சு. இதுக்கு வேணுங்கிற பைலட்ட முன்னாடியே எடுத்து வைக்காதது யாரு தப்பு?

அந்த ரூல்ல இன்னொரு வரி இருந்துச்சு, யாரும் பெருசா பேசல. வார ரெஸ்ட்டுக்குப் பதிலா லீவைக் கணக்குல காட்டக்கூடாதுன்னு. கூட்டம் ஏர்போர்ட்ல தவிக்குதுன்னதும் டிசம்பர் 5ம் தேதி அந்த வரியத்தான் வாபஸ் வாங்கினாங்க. எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. லீவு எதுக்குப் போடுவா? புள்ளைக்குக் காய்ச்சல்னு போடுவா, அவங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு ஊருக்கு ஓடுவா, ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து போயிட்டு வருவா. அது ரெஸ்ட்டா? டூட்டிலயாவது கூட இன்னொரு பைலட் இருக்காங்க.

சரி கவர்மெண்ட்ட மட்டும் சொல்லி என்ன, வீட்லயும் இதே கதைதானே. மொத ரெண்டு வருஷம் நானே அப்படித்தான் இருந்தேன். "உனக்குத்தான் நாளைக்கு ஆஃப் ஆச்சே"ன்னு சொல்லி ரேஷன் கடை, கேஸ், என் முட்டிவலி டாக்டர் எல்லாத்தையும் அன்னிக்கே வச்சிடுவேன். பாவம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி அப்படியே கண்ணசந்துட்டா, சோத்துல கை வச்சபடி. நர்ஸா இருந்தவ எனக்கு அன்னிக்குத்தான் ஒறச்சுது, வெக்கமா போச்சு.

இன்னொண்ணு சொல்லணும். பிரசவத்துக்கப்புறம் ஒடம்பு தேறட்டும்னு தசமூலாரிஷ்டம் குடுத்துட்டிருந்தேன், திரும்ப வேலைக்குப் போன பிறகும் ஒரு மூடி ஊத்தி நீட்டினேன். "அத்தை, இதுல ஆல்கஹால் இருக்கு"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அரிஷ்டத்தப் போயி சாராயம்ங்கிறாளேன்னு. லேபிளைத் திருப்பிக் காட்டினா, போட்டிருக்கு. இவங்களுக்கு ஊதச் சொல்லி டெஸ்ட் பண்ணுவாங்க, மவுத்வாஷ் கூடத் தொடக்கூடாதாம், மொத தடவை மாட்டினாலே 3 மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட். நான் பாசமா ஊத்திக் குடுத்தது அவ வேலைக்கே வேட்டு வச்சிருக்கும். இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி யாரு சொல்லித் தர்றா? ஜாதகம், நகை, மண்டபம்னு ஆறு மாசம் பேசினோம், ஒருத்தரும் நீ எத்தனை மணிக்குத் தூங்குவன்னு கேக்கல.

அதனால அடுத்து எழுதறப்ப புருஷன் பெருந்தன்மைய விட்டுட்டு, ரெஸ்ட் நாள்ல அந்த வீட்ல என்ன நடக்குதுன்னு போய்ப் பாத்து எழுதச் சொல்லுங்க. பையன் பைலட்டா இருந்தாலும் பாருங்க, அங்கேயும் பொண்டாட்டி புள்ளைய அடக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்.

காலைல அஞ்சரைக்கு வந்து படுத்திருக்கா, இப்ப மணி பதினொண்ணு. பேரன மாடி வீட்ல விட்டிருக்கேன். குக்கர் வச்சா விசில் வரும்னு சாதத்தைப் பானைல வடிச்சுக்கிட்டே இதை எழுதறேன், கஞ்சித் தண்ணி ஒரு சொட்டு பேப்பர்ல பட்டுடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு மாமியார்,
நங்கநல்லூர், சென்னை