பழிவாங்கும் படம்தான், ஆனாலும் திரையிடுங்கள்

திரைப்படச் சங்கங்களில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு திரையிடல் முடிந்ததும், 'கிராஃப்டிடியோட்டன்' என்ற நார்வே படத்தையும் ஒருநாள் போடலாமே என்று கேட்டேன். "அது பழிவாங்கும் படம்தானே, ஆக்‌ஷன் படம் பார்க்க வேறு இடம் இருக்கிறதே" என்றார்கள். அந்தச் சங்கம் மட்டுமல்ல, உங்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

ஹான்ஸ் பெட்டர் மோலண்ட் இயக்கி, 2014இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற படம் இது. கதைநாயகன் நில்ஸ் சுவீடனிலிருந்து நார்வேக்கு வந்து குடியேறியவர். மலைச்சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். ஊருக்குப் பாதை திறந்து வைப்பதற்காக அவருக்குச் சிறந்த குடிமகன் விருதுகூடக் கொடுக்கிறார்கள். அந்தச் சமயத்தில் மகன் சாகிறான். போதை மருந்து அதிகமாகிவிட்டது என்கிறது போலீஸ். அப்பா நம்பவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறார்.

கதை இவ்வளவுதான். நான் பேச வந்தது வேறு. இந்தப் படத்தில் ஒருவர் செத்ததும் திரை கறுப்பாகிறது. அவர் பெயர் வருகிறது, கூடவே அவர் மதத்துக்கு உரிய சின்னமும். ஒரு காட்சியில் மட்டும் வந்து போன அடியாளாக இருந்தாலும் சரி, அவனுக்கும் ஒரு பெயர் அட்டை உண்டு. பழிவாங்கும் படங்களில் நாயகனிடம் அடிபட்டு விழுகிறவனின் பெயரை யார் சொல்லியிருக்கிறார்கள்? முதல் அட்டைக்கு நெஞ்சு கனக்கிறது. ஏழாவது எட்டாவது அட்டைக்கு அரங்கம் சிரிக்கிறது. சிரித்த பிறகுதான், செத்தவன் பெயரைப் பார்த்துச் சிரித்தோம் என்று உறைக்கிறது. அந்த உறுத்தலை உண்டாக்கத்தான் மோலண்ட் நகைச்சுவையைப் பயன்படுத்துகிறார்.

என் அப்பா இறந்தபோது பிணவறை வாசலில் ஐந்து மணிநேரம் காத்திருந்தோம். யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காதில் சரியாக விழாமல் நானும் சித்தப்பாவும் உள்ளே போய்விட்டோம். அங்கே இருந்தது வேறு யாரோ. வெளியே வந்ததும் சித்தப்பா, "உயிரோட இருக்கும்போதும் அலையவிட்டான், இப்பவும் அலையவிடுறான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன் அழுகை வந்துவிட்டது. இந்த வகைப் படத்தை விளையாட்டு என்று யாராவது ஒதுக்கினால் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

2019இல் மோலண்டே இதை 'கோல்ட் பர்சூட்' என்று அமெரிக்கப் படமாக மறுபடி எடுத்தார். அதில் அப்பா லியாம் நீசன். பிணவறைக் காட்சியில் மகனின் உடல் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஊழியர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுகிறார். அது கிறீச்சிடுகிறது. பெற்றோர் நின்றுகொண்டே இருக்கிறார்கள். நேரம் நீள நீளச் சிரிப்பும் வேதனையும் ஒன்றாக ஏறுகின்றன. மகனாக நடித்தவர் நீசனின் சொந்த மகன் மீஹால் ரிச்சர்ட்சன். அவருடைய அம்மா நடாஷா ரிச்சர்ட்சன் 2009இல் பனிச்சறுக்கில் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தவர். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் நீசனின் முகத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர், ஐம்பது வயதைத் தாண்டி 'டேக்கன்' மூலம் ஆக்‌ஷன் நாயகன் ஆனவர். அந்த இரண்டாவது வாழ்க்கையில் அவருடைய நடிப்பை நாம் கவனிக்காமலே விட்டுவிட்டோம்.

'கோல்ட் பர்சூட்' வெளியான வாரத்தில் நீசன் கொடுத்த பேட்டி பெரிய சர்ச்சையானது. நெருங்கிய ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, கறுப்பினத்தவர் யாராவது வம்புக்கு வரட்டும் என்று ஆயுதத்தோடு தெருவில் அலைந்ததாகவும், அதை நினைத்து வெட்கப்படுவதாகவும் சொன்னார். நியூயார்க்கில் சிவப்புக் கம்பள நிகழ்ச்சி ரத்தானது. படத்தில் பூர்வகுடியினரைக் குற்றக் கும்பலாகக் காட்டுவது பற்றியும் எதிர்ப்பு இருந்தது. இதையெல்லாம் மறைக்கச் சொல்லவில்லை. திரையிட்ட பிறகு வைக்கும் கலந்துரையாடலில் முதலில் பேச வேண்டியதே இதுதான்.

எனக்கு நார்வே படம்தான் உசத்தி. காரணம், அதில் நில்ஸாக நடித்த ஸ்டெலான் ஸ்கார்ஸ்கார்ட். வெளியானபோது அவருக்கு வயது 62. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையில் உடலைச் சுற்றி அருவியில் தள்ளும்போது, அவர் முகத்தில் கோபம் இல்லை, வெற்றியும் இல்லை. காலையில் எழுந்து பனி அள்ளப் போகிறவரின் அதே சலிப்பில்லாத உழைப்புதான் இருக்கிறது. நீசனிடம் எப்போதும் ஒரு நாயகன் தெரிகிறார். ஸ்கார்ஸ்கார்டிடம் வண்டியோட்டிதான் தெரிகிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் நார்வே படம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமெரிக்கப் படம். ஒரே இயக்குநர், ஒரே கதை, இரண்டு மூத்த நடிகர்கள். திரையிடும் உரிமைக்கு ஆகும் செலவில் நானும் நண்பர்களும் பங்கு தருகிறோம். தமிழ்த் துணைத்தலைப்புகளை நானே எழுதித் தருகிறேன். அந்தப் பெயர் அட்டைகளுக்கும் தமிழ் எழுத்தில் போடுவேன், ஒருவர் பெயரும் விடாமல்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒருவன்