ஆளுக்கொரு பாட்டி

அன்புள்ள மகளுக்கு,

நம்மை விட்டுப் போன பாட்டியின் பிறந்தநாளன்று பேரப்பிள்ளைகள் எல்லோரும் வீடியோ காலில் கூடி, அவளைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் பேசப் போகிறோம், பேசியதை எழுதித் தொகுத்து வைக்கப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு நிறைந்து கிடக்கிறது. பெரியவர்கள் யாரும் எடுத்துக்கொடுக்காமல் உங்களுக்கே தோன்றியிருக்கிறது பார், அதுதான் எனக்குப் பெரிது. இதைப் பற்றி உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

முதலில் ஒரு வேண்டுகோள். எல்லோரும் கூடுவதற்கு முன்னால் அவரவர் தனியாக உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அடுத்தவரிடம் கேட்காமல், பழைய ஆல்பத்தைக்கூடத் திறக்காமல், மனசில் முதலில் எது வருகிறதோ அதை எழுதுங்கள். பிறகு கூடிப் பேசலாம். பலர் சேர்ந்து உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தால் நிறைய வரும் என்றுதான் நமக்குத் தோன்றும். 1997-ல் வெல்டன், பெலிஞ்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு சேர்ந்து நினைவுகூர்ந்தது தனி ஒருவர் சொன்னதைவிட அதிகம்தான். ஆனால் அதே எண்ணிக்கையிலான ஆட்கள் தனித்தனியே எழுதியதை ஒன்றாகச் சேர்த்தபோது, அது குழு சொன்னதையும் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு பலர் செய்து பார்த்தும் இதுவே வந்திருக்கிறது. ஒருவர் பேசுகிற வேகத்தில், அடுத்தவர் மனசில் மெல்லக் கிளம்பிக்கொண்டிருக்கும் நினைவு அறுந்துபோகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

நம் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். உன் பெரியண்ணன் பேச ஆரம்பித்தால் எல்லோரும் வாய் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவு அழகாகச் சொல்வான். அவன் சைக்கிள் கதையைச் சொல்லி முடித்தவுடன் எல்லோருக்கும் சைக்கிள் கதைதான் ஞாபகம் வரும். உன் தம்பி மாதிரி ஆட்கள், "என்கிட்ட அப்படி ஒண்ணும் பெரிசா இல்ல" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அவனிடம் இருப்பது மற்ற யாரிடமும் இல்லை, அது அவனுக்கே தெரியாது.

யோசித்துப் பார். பெரியண்ணனுக்குக் கிடைத்த பாட்டிக்கு ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான். அவன் சைக்கிள் பழகும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அவள் ஓடுவதைப் பார்த்த பேரப்பிள்ளை அவன் ஒருவன்தான். உனக்குக் கிடைத்தவள் கட்டிலில் உட்கார்ந்து கதை சொல்லும் பாட்டி. நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு, நீ சொல்லு" என்பாள். நீ எதைச் சொன்னாலும் அதையே கதையாக எடுத்துக்கொண்டு மேலே போவாள். ராஜா செத்துவிட்டான் என்று நீ சொன்னாய் ஒரு நாள். கொஞ்சம்கூடத் தயங்காமல், சரி, இனி ராணி என்ன செய்வாள் என்று கேட்டாள். இப்போது நீ அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் நின்று தடுமாறாமல் பேசுகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

உன் தம்பி பேசும் வயதுக்கு வந்தபோது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஒவ்வொரு முறை அவன் உள்ளே வரும்போதும் கூப்பிட்டு நிறுத்தி, உச்சந்தலையில் கை வைத்து, அந்தக் கையை அப்படியே தன் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து உயரம் பார்ப்பாள். அந்தக் கை அவள் தோளுக்கு மேலே போன அன்று வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். அவனுக்குப் பாட்டி என்றால் அந்த உள்ளங்கைதான். அதை எழுதச் சொல். இரண்டே வரி என்றாலும் எழுதச் சொல்.

மாமா மகனை விட்டுவிடாதீர்கள். அவன் வளர்ந்ததெல்லாம் தூர தேசத்தில், நேரில் பார்த்தது கொஞ்சம். எனக்கு என்ன தெரியும் என்றுதான் அவனும் சொல்வான். ஆனால் அவளோடு அதிக நேரம் போனில் இருந்தவன் அவன்தான். பேச்சு முடிந்து அவன் வைக்கப் போனால், "வைக்காத, நீ பாட்டுக்கு விளையாடு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பாள். அவன் போனைத் தரையில் வைத்துவிட்டு விளையாடுவான். இங்கே அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது சத்தம் போட்டால் கையை ஆட்டி அடக்குவாள். அங்கே இருந்த அவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நானே எழுதி அவனுக்கு அனுப்பப் போகிறேன்.

தனித்தனியாக எழுதினால் கட்டாயம் ஒன்றுக்கொன்று இடிக்கும். அலமாரிக் கண்ணாடி உடைந்த கதையை எடுத்துக்கொள். தன் பந்து பட்டு உடைந்தது, பாட்டி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு தாத்தாவிடம் திட்டு வாங்கினாள் என்பான் பெரியண்ணன். அதை உடைத்தவன் நான், பாட்டி அன்று முழுக்க என்னிடம் பேசவே இல்லை என்பான் உன் தம்பி. தொகுக்கும்போது எது சரி என்று பஞ்சாயத்து வைக்காதே. இரண்டையும் அப்படியே போடு. நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-லேயே எழுதிவிட்டார். ஒருவன் மனசில் அவள் காப்பாற்றியது நிற்கிறது, இன்னொருவன் மனசில் அவள் பேசாமல் இருந்தது நிற்கிறது. இரண்டும் அவள் செய்யக்கூடியதுதான். கண்ணாடியை யார் உடைத்தது என்பது யாருக்கு வேண்டும்?

இன்னொன்று. "அன்பே உருவானவள்", "பொறுமையின் சிகரம்" என்றெல்லாம் யாராவது எழுதினால் எடுத்துவிடு. பொய் என்பதால் இல்லை. யாருடைய பாட்டிக்கும் அது பொருந்தும். அப்படி எழுதியவரிடம், பாட்டி அப்போது என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்று திரும்பக் கேள். நம்முடையவள் பொறுமையின் சிகரமும் இல்லை. காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள் என்று நம்மைக் குறை சொல்வாள். சீட்டாட்டத்தில் குழந்தைகளுக்காக விட்டுக்கொடுத்ததே கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை அழுதாலும் கலைத்துப் போட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிவிடுவாள். நீ முதல் முறை அவளை ஜெயித்தபோது வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுத்திருந்தால் அந்தப் பெருமை உனக்கு வந்திருக்குமா? அவளுடைய பிடிவாதத்தையும் கோபத்தையும் எழுதுங்கள். அதெல்லாம் இல்லாமல் எழுதினால் படிக்கும்போது எனக்கு அவள் குரல் கேட்காது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பேசப்போகிற பெண்மணியை நான் பிள்ளையாக இருந்தபோது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா, நோட்டில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைப்பாள். மடியில் உட்கார்த்தி வைத்துக் கொஞ்ச அவளுக்கு நேரம் இருந்ததில்லை. வீட்டு வேலை, வெளி வேலை, எங்கள் படிப்பு என்று எந்நேரமும் எதையோ துரத்திக்கொண்டே இருந்தாள். உனக்கு மூன்று வயதில் அவளுடைய கணக்கு நோட்டில் கலர் பென்சிலால் கிறுக்கி வைத்தாய். நான் நடுங்கிப்போய் நின்றேன். அவள் அதைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யானையா, நானா?" என்று கேட்டாள். நீ "நீதான்" என்றாய். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பத்திரப்படுத்தினாள். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

எனக்கு அதில் பொறாமை இல்லை. என் அம்மா சாவகாசமாகச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு நீ பிறக்க வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளிடம் கேட்க நினைத்ததையெல்லாம் நீ சர்வசாதாரணமாகக் கேட்பாய், அவளும் பதில் சொல்வாள். அவளுக்கு இருட்டென்றால் பயம் என்பதே அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு வந்த ஒரு சாயங்காலம் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போதே, அதன் சினைப்பைகளில் பிற்காலத்துக்கான கருமுட்டைகள் லட்சக்கணக்கில் உருவாகிவிடுகின்றன. அப்படியென்றால் நான் உன் வயிற்றில் இருந்தபோதே இவளுக்கான முட்டையும் எனக்குள் இருந்தது என்று உன்னைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இவளையும் நான்தான் சுமந்தேனா?" என்றாள். உடனே அடுத்த கேள்வி, "அப்ப பையனோட பிள்ளைங்க?" அவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்றேன். "அவங்களுக்குச் சேர்த்து வெளிய சுமந்துக்கறேன்" என்றாள். மாமா பிள்ளைகள் பேசி முடித்தபிறகு இதைச் சொல். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியண்ணன் மகளை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டி போகும்போது அவளுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது எதுவும் பெரியவர்களான பிறகு நினைவில் நிற்பதில்லை. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டி பாடியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. நீங்கள் எழுதுவதுதான் அவளுக்குப் பாட்டி. எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இருவர் 2000-களின் தொடக்கத்தில் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் தயாரித்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்பது மாதிரி. எந்தப் பிள்ளையும் நேரில் பார்த்திருக்க முடியாத விஷயங்கள், வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால்தான் தெரியும். நிறையத் தெரிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாகவும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் உறுதியாகவும் இருந்ததாம். அதனால் பாட்டி பாட்டியாவதற்கு முந்தைய காலத்தை நானும் பெரியம்மாவும் மாமாவும் எழுதித் தருகிறோம். அவளுடைய பள்ளி, படிப்பு பாதியில் நின்றது, தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது, எல்லாம். அது கடைசியில் வரட்டும். முதலில் உங்களுடையது.

எழுத உட்காரும்போது எதுவும் வரவில்லை என்றால் வாசனையிலிருந்து ஆரம்பி. வார்த்தையோ படமோ கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பிறகு நடந்தவையாக இருக்க, வாசனை கிளப்பும் நினைவுகள் பத்து வயதுக்குள் நடந்தவையாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முழங்காலுக்குத் தடவும் தைலம், அவளுடைய பவுடர், பழைய புத்தக அலமாரி. அவளுடைய போர்வையை நான் துவைக்காமல் மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். நீ வரும்போது திறப்போம்.

உன் போனில் அவள் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கும். இன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வை, மற்றவர்களையும் செய்யச் சொல். போன் மாற்றும்போது அவைதான் முதலில் காணாமல் போகும். பசை ஒட்டிய பக்கங்கள் உள்ள அந்தப் பழைய ஆல்பத்திலிருந்து படங்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பசை மஞ்சளித்துப் படங்களைக் கெடுத்துவிடும். எடுத்தவற்றை ஸ்கேன் செய்து, யார் யார், எந்த வருடம் என்று குறித்து அனுப்புகிறேன். சிலவற்றில் இருப்பவர்கள் யார் என்பது பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அன்று நாங்கள் மூன்று பேரும் வீடியோவில் இருக்கலாமா? ஒரு வார்த்தை பேசமாட்டோம், திருத்தமாட்டோம், மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். நேரம் முடிவானதும் சொல். மாமாவுக்கு அங்கே ராத்திரியாக இருக்கும், முன்கூட்டியே தெரிந்தால் மறுநாளைக்கு லீவு போட்டுவிடுவான்.

அன்புடன்,
அம்மா