எந்த மனிதரைச் சொல்கிறாய், மருமகளே?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. மனித இனம் பூண்டோடு ஒழிந்தால்தான் பூமி உருப்படும் என்று எழுதியிருக்கிறாய். சாட்சிக்குச் செர்னோபில்லை அழைத்திருக்கிறாய். 1986இல் அங்கே அணு உலை வெடித்து ஆட்கள் வெளியேறினார்கள், ஓநாய்களும் காட்டுக் குதிரைகளும் குடியேறின, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கிறாய்.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உலகத்துப் பாலூட்டிகளை எல்லாம் எடை போட்டால், மனிதரும் மனிதர் வளர்க்கும் ஆடு, மாடு, பன்றிகளும் சேர்ந்து நூற்றுக்கு 96 பங்கு வருகிறது என்கிறது 2018இல் வெளிவந்த ஒரு கணக்கு. யானை, திமிங்கிலம், எலி, குரங்கு அத்தனைக்கும் சேர்த்து மிச்சம் நாலே பங்குதான். இதைப் படித்துக் கோபப்படாதவர்களை எனக்கும் பிடிக்காது.

ஆனால் அந்தக் குதிரைகள் தாமாக வந்தவை அல்ல. பிரெஸ்வால்ஸ்கி என்ற அந்தக் காட்டுக் குதிரை 1960களின் இறுதியிலேயே மங்கோலியப் புல்வெளியிலிருந்து மறைந்துவிட்டது. விலங்குக் காட்சிசாலைகளில் தப்பிப் பிழைத்த சில குதிரைகளின் வாரிசுகளை 1998இல் செர்னோபில்லுக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டவர்கள் மனிதர்கள். வெடித்த உலையை மூடியிருக்கும் பிரம்மாண்டமான உருக்குக் கூரையும் ஆள் பார்த்துக்கொள்ளாமல் நிற்காது. உலகில் இன்று 400க்கும் மேற்பட்ட அணு உலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளைக் காலையில் நாமெல்லாம் காணாமல் போய்விட்டால், எரிந்து முடிந்தும் சூடு தணியாத எரிபொருள் கிடக்கும் குளங்களில் தண்ணீர் வற்றாமல் யார் பார்த்துக்கொள்வது? ஓநாயா?

செர்னோபில் தூரத்தில் இருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூரை எடுத்துக்கொள்வோம். நீ சொல்வதை நிஜமாகவே ஒருமுறை செய்து பார்த்த இடம் அது.

அங்கே இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா மொத்தமே சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, படங்களில் பார்த்தால் ஆதிகாலத்துச் சதுப்பு நிலம் போலத் தெரியும். உண்மையில் அது ஒரு தாழ்வான பள்ளம். பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ் மல் அஜான் அணையைக் கட்டினார். பிறகு வந்த மன்னர்கள் வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, மதகு வைத்துத் தண்ணீரைத் தேக்கினார்கள். பறவைமேல் பாசம் ஒன்றும் இல்லை, பின்னால் வந்தவர்கள் செய்ததெல்லாம் வாத்து சுடுவதற்காகத்தான். உள்ளே கேவலாதேவ் கோயிலுக்கு அருகில் இன்றும் அந்த வேட்டைகளின் கல்வெட்டு நிற்கிறது. எந்தத் தேதி, யார் விருந்தாளி, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று மளிகைக் கணக்குப் போல வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்று விழுந்தவை 4,273. ஒரே நாளில்!

சுற்றுக் கிராமங்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அதே தண்ணீரில் இறங்கி மேய்ந்தன. எருமைக்காரர்களுக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனது. மேய்ச்சல் பறவைகளைக் கெடுக்கிறது, ஆளையும் மாட்டையும் வெளியேற்றினால் இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். தடையை வலியுறுத்தியவர்களில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியும் ஒருவர். 1982இல் வாசல் அடைபட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் சிலர் செத்தே போனார்கள். வைஸ்ராய் துப்பாக்கியோடு வந்தபோது திறந்த வாசல், எருமையோடு வந்தவர்களுக்கு மூடியது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எருமைகள் தின்று மட்டுப்படுத்திக்கொண்டிருந்த பாஸ்பேலம் என்ற புல், தடுப்பாரில்லாமல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டு பரவியது. திறந்த தண்ணீர் குறைந்தது. நீந்தும் வாத்துக்கு இடமில்லை, மீன்களுக்கும் திண்டாட்டம். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் பத்தாண்டுக் காலம் அங்கேயே இருந்து ஆராய்ந்துவிட்டு, எருமைகளை வெளியேற்றியது தவறு, அவை இந்த நீர்நிலைக்குத் தேவை என்று சொன்னார்கள். மேய்ச்சலை எதிர்த்த அதே கழகம்தான்! சேற்றுக்குள் அலகு விட்டுக் கிழங்கு தோண்டித் தின்னும் சைபீரியப் பெருங்கொக்குகளை 2002க்குப் பிறகு அங்கே யாரும் பார்க்கவில்லை. இந்தப் புல்லின் தலையிலேயே எல்லாப் பழியையும் போட மாட்டேன். வரும் வழியெல்லாம் வேட்டை இருந்தது. ஆனால் ஆளை விரட்டியதால் அவை பிழைத்துவிடவும் இல்லை. பிற்பாடு நம் ஊர்க் கண்மாய்களைப் பிடித்த அதே சீமைக் கருவேலம் பூங்காவுக்குள்ளும் மண்டியபோது, அதை வேரோடு பிடுங்க அந்தக் கிராமத்து ஆட்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

இப்போது சொல், மருமகளே. ‘மனிதன் பூமிக்குக் கேடு’ என்கிறாயே, எந்த மனிதன்? 4,273 பறவையைச் சுட்ட கூட்டமும் பத்து எருமையை ஓட்டிக்கொண்டு வந்தவனும் உன் வாக்கியத்தில் ஒரே ஆள். எனக்கு அந்த வாக்கியத்தில் உறுத்துவது அதுதான். குற்றவாளி கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து நழுவிவிடுகிறான். ‘மனிதரை வெளியேற்று’ என்று யாராவது உத்தரவு போடும்போது, முதலில் வெளியேறுகிறவன் எப்போதும் எருமைக்காரன்தான்.

பாறுக் கழுகுகளின் கதையும் இதே பூங்காவில்தான் தொடங்கியது. 1990களில் அவை கொத்துக் கொத்தாகச் சாவதை இங்கே கவனித்து எழுதினார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்று 2004இல் நிரூபணமானது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ‘மனிதகுலமே காரணம்’ என்று பெருமூச்சு விட்டிருந்தால் அந்த மருந்தின் பெயர் வெளியே வந்திருக்காது.

வேடந்தாங்கல் உனக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு 1798இல் உத்தரவு வாங்கினார்கள். தியாகம் ஒன்றும் இல்லை. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும். சுத்தமான சுயநலம்! இந்தச் சுயநலத்துக்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்று. நீ கல்யாணமும் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்வதாகவும், சின்ன வயதில் பறவைப் புத்தகம் வாங்கிக் கொடுத்த நான்தான் உன்னைக் கெடுத்துவிட்டேன் என்றும் அக்கா தொலைபேசியில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிள்ளை பெறுவதும் பெறாததும் உன் இஷ்டம். அக்காவிடமும் அதையேதான் சொன்னேன், அதற்கும் திட்டு வாங்கினேன். ஆனால் வேண்டாம் என்றால், எனக்கு வேண்டாம் என்று சொல். பூமியைக் காப்பாற்றப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லாதே. அவள் நம்பமாட்டாள், நானும் நம்பவில்லை.

டிசம்பர் கடைசியில் பரத்பூர் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் பறவை பெயரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். உன் கேள்வியை அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம். வருவதானால் இந்த வாரத்துக்குள் சொல், ரயில் டிக்கெட் கிடைக்காது.

அன்புடன்,
மாமா