அறிவுறுத்தப்பட்டது என்றால், எந்த மொழியில்?

எங்கள் அம்மாவை மத்திய கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏற்றிவந்த விமான சேவையின் பயணிகள் பாதுகாப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். விமானம் குலுங்கியபோது அம்மா விழுந்து கை முறிந்தது பற்றிய எங்கள் முறைப்பாட்டுக்குத் தாங்கள் அனுப்பிய பதில் கடந்த வாரம் வாழைச்சேனைக்கு வந்து சேர்ந்தது. நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள் என்பதால் அதை மீண்டும் விரிக்கவில்லை. ஆசனப்பட்டி விளக்கு எரிந்தது, பயணிகளுக்கு உரியவாறு அறிவுறுத்தப்பட்டது, ஆகவே தங்கள் பக்கம் தவறில்லை என்ற அந்த ஒரு வரியைப் பற்றியே எழுதுகிறேன். அறிவுறுத்தப்பட்டது அரபிலும் ஆங்கிலத்திலும்.

அம்மாவுக்கு அரபு தெரியாது என்று சொல்லமாட்டேன். அது பதினொரு வருடங்கள் ஒரு வீட்டுச் சமையலறையில் கற்ற அரபு. அரிசி, தண்ணீர், குழந்தை அழுகிறது, சீக்கிரம் வா என்பவை அதில் உண்டு. காற்று கொந்தளிக்கிறது, எழும்ப வேண்டாம் என்பது அந்தச் சமையலறையில் தேவைப்பட்டதில்லை. ஒலிபெருக்கி ஓய்ந்ததும் பக்கத்து இருக்கைப் பையனிடம் "என்னவாம் மனே?" என்று கேட்டிருக்கிறார். அவன் காதில் ஹெட்போன். இறங்கப்போகிறார்களாக்கும், முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளைப் பார்ப்போம் என்று எழுந்தவர், இரண்டு எட்டு வைப்பதற்குள் மேலே மோதி, கைப்பிடியொன்றின்மீது விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விளக்கு எரிந்தது உண்மைதான். ஏறியது முதல் எத்தனையோ தடவை எரிந்து அணைந்த விளக்கு அது. பிளாஸ்டர் போட்ட கையை மடியில் வைத்தபடி ஊர் வரும் வழியெல்லாம் அம்மா சொன்னது ஒன்றுதான்: "எனக்கு விளங்கல்லயே புள்ள."

விமானியை நாங்கள் குறைசொல்லவில்லை. மழைத்துளி நிறைந்த முகிலைக் காட்டும் ராடார், தெளிந்த வானில் எழும் கொந்தளிப்பைக் காட்டாது என்பது எங்களுக்கும் தெரியும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானம், மியன்மாருக்கு மேலே ஏறத்தாழ 37,000 அடி உயரத்தில், 4.6 வினாடிகளில் 178 அடி கீழிறங்கியது. அந்தப் பயணத்தில் ஒருவர் உயிரிழந்தார். ஆசனப்பட்டி விளக்கு போடப்பட்டதாக விமானி கூறியதற்கும் அந்தப் பெருங்குலுக்கத்துக்கும் இடையில், முதற்கட்ட விசாரணை அறிக்கையின்படி, 8 வினாடிகளே இருந்தன. எட்டு வினாடிக்குள் ஒருவர் பட்டியை மாட்டிக்கொள்ளலாம். பக்கத்திலிருப்பவரிடம் விளக்கம் கேட்டு, அவர் ஹெட்போனைக் கழற்றிப் பதில் சொல்லி, அதன் பிறகு மாட்ட முடியாது. ஆகவே கொழும்பு விமானங்களில் அந்த அறிவித்தலைத் தமிழிலும் சொல்லுங்கள் என்று கேட்கிறோம்.

கோழியா மீனா என்பதைக் கைச்சாடையிலேயே அழகாக விளங்கப்படுத்தும் தங்கள் பணியாளர்களின் திறமையை அம்மா இன்றும் மெச்சுகிறார். பயணச்சீட்டை விற்ற முகவரும் எங்களிடம் சுத்தத் தமிழில்தான் பேசினார். பணம் வாங்கும்வரை தமிழ் வருகிறது. பறக்கத் தொடங்கியதும் எங்கே போய்விடுகிறதோ! 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்களோடு வாசிக்க ஆள்தேடி அலையும் நாம், அந்நிய விமானத்திடம் இதை எதிர்பார்க்கலாமா என்று அண்ணன் கேட்கிறான். கேள்வி நியாயமானதே. ஆனால் கடிதத்தை நாளைக்கும் வாசிக்கலாம்.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. நாங்கள் கேட்பது தமிழ் தெரிந்த பணியாளர் படையொன்றை அல்ல. பதிவுசெய்த குரலில் ஒரேயொரு வசனத்தை. "காற்றுக் கொந்தளிப்பு வருகிறது, உடனே இருந்து ஆசனப்பட்டியைப் போடுங்கள்." எழுதித்தர ஆள் வேண்டியதில்லை, இதோ எழுதிவிட்டேன்.

மருத்துவர் அனுமதித்தால் தை மாதம் அம்மா மீண்டும் வேலைக்குப் புறப்படுவார். தங்களுடைய திரும்பும் சீட்டு இன்னும் செல்லுபடியாகும். அதற்கு முன் அந்த வசனத்தைத் தமிழில் ஒலிக்கச் செய்யுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். இம்மடலுக்கான பதிலும் தமிழில் இருந்தால் அம்மாவே வாசிப்பார்.

இப்படிக்கு,
தங்கள் பயணியொருவரின் மகள்,
வாழைச்சேனை.